டவர் சிக்னலில் மழை அளக்கும் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி நெல், புழுதி விதைப்பு. மேலுரம் போட ஈரத்துக்குக் காத்திருக்கிறேன். போனில் 20 மி.மீ. மழை என்கிறார்கள், என் செய்யில் புழுதிகூட அடங்கவில்லை. உரக்கடையில், செல்போன் டவர் சிக்னலை வைத்து மழை அளக்கும் பெட்டி 14,000 ரூபாய் என்கிறார்கள். மழை வந்தால் என் போனிலும் சிக்னல் குறைகிறதே, வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டவர் சிக்னலில் மழையை அளக்க முடியும்; உங்கள் கடைக்காரரால் முடியாது.

டவரில் முரசு மாதிரி வட்டமாகத் தெரிகிறதே, அந்த ஆன்டெனாக்கள் வழியாக டவரும் டவரும் பேசிக்கொள்ளும் மைக்ரோவேவ் அலையைத்தான் மழைத்துளி விழுங்கும். 20 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மணிக்கு 50 மி.மீ. வீதம் கொட்டினால் சிக்னல் பலம் கிலோமீட்டருக்கு 5, 6 டெசிபல் (சிக்னலை அளக்கும் அலகு) குறையும். போன் அலை பெரும்பாலும் 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. அதற்கு மழை ஒரு பொருட்டே இல்லை. மழையில் உங்கள் சிக்னல் குறைவதற்குக் காரணம் வேறாக இருக்கும்: கரண்ட் போய் பக்கத்து டவர் படுத்திருக்கும், உங்கள் போன் தூரத்து டவரைப் பிடித்திருக்கும்.

நெதர்லாந்தில் டவருக்கும் டவருக்கும் இடையே உள்ள சுமார் 2,400 மைக்ரோவேவ் இணைப்புகளை வைத்து நாடு முழுக்க மழை வரைபடம் போட்ட ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அந்தப் பதிவெல்லாம் செல்போன் கம்பெனியிடம் இருப்பது. கடைப் பெட்டிக்குள் எப்படி வரும்? வந்தாலும் இரண்டு டவருக்கு நடுவில் உள்ள சராசரிதான் கிடைக்கும். ஆன்டெனா மூடி நனைந்திருந்தால் அதையும் மழையாகக் கூட்டிக் காட்டும். கண்மாயின் இந்தக் கரையில் பெய்து அந்தக் கரை காய்கிற ஊரில் சராசரியை வைத்து உரம் போட முடியுமா?

ஒன்றரை அடி நீளத்துக்கு 4 இஞ்ச் பிவிசி பைப், அடியில் ஒட்டிய மூடி, பூச்சிமருந்து அளக்கும் குப்பி. இவ்வளவுதான் செலவு. வாயின் உள்விட்டத்தை நீங்களே அளங்கள்: 10 செ.மீ. என்றால் 7.85 மில்லி தண்ணீர் 1 மி.மீ. மழை, 10.4 என்றால் 8.5 மில்லி. மேலே புனல் செருகினால் கணக்கு புனல் வாய்க்குத்தான். பலர் சறுக்குவது இங்கேதான். வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும்படி பைப்பின் அடிப்பகுதியை மட்டும் புதையுங்கள். தென்னை இருந்தால் அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தள்ளி. தினமும் காலை 8.30-க்கு அளந்து, எவ்வளவு நேரம் பெய்தது என்பதையும் எழுதுங்கள்.

நேரம் எதற்கு என்றால், நம் சரளைச் செம்மண்ணில் அரைமணியில் கொட்டிய 20 மி.மீ. மழையில் ஒரு பங்கு கண்மாய்க்கு ஓடிவிடலாம். ராத்திரி முழுக்கத் தூறிய 20 மி.மீ. வேருக்குப் போகும். எவ்வளவு பெய்தது என்பதைவிட, எவ்வளவு வேருக்குப் போனது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் நாலு இடத்தில் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணைப் பிடித்து அமுக்குங்கள். உருண்டையாக நின்றால் யூரியா போடலாம். உதிர்ந்தால் மூட்டையைத் தொடாதீர்கள். மேலீரத்தில் போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும், அடுத்த மூட்டைக்கு அதே கடைக்குத்தான் போவீர்கள்.