பிஎஸ்4 லாரியா, பிஎஸ்6 லாரியா? மைலேஜை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள்

கேள்வி: எனக்கு ஊர் நாமக்கல். பல வருடமாக டிரைவராக ஓடுகிறேன், இப்போது சொந்தமாக ஒரு வண்டி எடுக்க ஆசை. கையில் 8 லட்சம் இருக்கிறது. செகண்ட்ஸில் இரண்டு பத்து சக்கர வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2019 மாடல் பிஎஸ்4, 17 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று 2021 மாடல் பிஎஸ்6, 25 லட்சம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூர் போய், திரும்பும்போது சோயா புண்ணாக்கு ஏற்றி வருவதுதான் திட்டம், எப்போதாவது டெல்லி லோடும் கிடைக்கும். பிஎஸ்4தான் மைலேஜ் கொடுக்கும், பிஎஸ்6 யூரியா குடிக்கும், சென்சார் செலவு வைக்கும், வேண்டாம் என்றால் அதையெல்லாம் கழற்றிவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் மாசு வரம்பு, எண் கூடக் கூட வரம்பு கடுமையாகும். முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 2,000 லிட்டர், அதாவது 1,84,000 ரூபாய். பிஎஸ்6 வண்டி 4.2 கொடுத்தால் சுமார் 1,905 லிட்டர், 1,75,000 ரூபாயும் கொஞ்சமும். அதோடு புகையைச் சுத்தம் செய்ய 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர் அளவில் யூரியா திரவம் போகும், லிட்டர் 60 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 5,700. எல்லாம் போக மாதம் 3,000 ரூபாய் பிஎஸ்6க்கு லாபம். இரண்டு வண்டியும் ஒரே மைலேஜ் கொடுத்தால் மாதம் 6,000 ரூபாய் நஷ்டம். ஆக மைலேஜ் என்று எல்லோரும் வாதாடுகிற விஷயம் உங்கள் வாழ்க்கையை மாற்றப்போகிற தொகை இல்லை, அதைவிடப் பெரிய தொகை வட்டியில் இருக்கிறது.

8 லட்சத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். 2 லட்சம் கையில் இருக்கட்டும், டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் முதல் நடை டீசலுக்கும் அது வேண்டும். 6 லட்சம் முன்பணம் கட்டினால் 2019 வண்டிக்கு 11 லட்சம் கடன்: 14 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை 37,600 ரூபாய், மொத்த வட்டி இரண்டரை லட்சம். 2021 வண்டிக்கு 19 லட்சம் கடன்: 13 சதவீதம், 48 மாதம் என்றால் தவணை 51,000, மொத்த வட்டி ஐந்தரை லட்சத்துக்குக் கிட்ட. மாதம் 13,400 ரூபாய் வித்தியாசத்தை யூரியாவோ மைலேஜோ ஈடுகட்டாது. லோடு இல்லாமல் பத்து நாள் வண்டி நின்றாலும் தவணை நிற்காது என்பது டிரைவராக இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

அப்புறம் "பிஎஸ்4 என்றால் யூரியா இல்லை" என்பது பாதிதான் உண்மை. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்4 வந்தபோது அசோக் லேலண்ட் ஐ-இஜிஆர் வழியில் போனது. அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற முறை, அதற்கு யூரியா வேண்டாம். டாடா 180 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளில் எஸ்சிஆர் வைத்தது, அதாவது புகைக் குழாயில் யூரியா திரவத்தைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற முறை, அந்த பிஎஸ்4 வண்டிக்கும் யூரியா ஊற்றித்தான் ஆகவேண்டும். எஸ்சிஆரில் ஒரு நன்மை உண்டு: புகையை வெளியே குழாயில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்பதால் இன்ஜினை நன்றாகச் சூடாக, டீசல் மிச்சமாகிற மாதிரி ஓட விடலாம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 இதோடு கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டியையும் சேர்த்தது, நைட்ரஜன் ஆக்சைடு வரம்பும் கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து அரை கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. அதனால் மாடல் வருடத்தைக் கேட்டுவிட்டு மைலேஜைச் சொல்ல முடியாது. எந்தக் கம்பெனி, எந்த இன்ஜின், பின் அச்சில் எந்தப் பல்சக்கர விகிதம், கடைசியாக யார் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது, எல்லாம் சேர்ந்ததுதான் மைலேஜ். விற்பவரிடம் டீசல் பில்லும் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டும் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

மாடல் வருடத்தில் ஏமாறுகிற இடம் வேறு. பதிவான தேதியும் தயாரித்த தேதியும் ஒன்றாக இருக்காது. 2017 மார்ச் கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் பிஎஸ்3 வண்டிகளைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டார்கள், அதனால் "2017 வண்டி" என்று சொல்லி பிஎஸ்3 ஒன்றை உங்கள் தலையில் கட்டலாம். அதேபோல 2020 தொடக்கத்தில் பதிவானது பிஎஸ்4ஆக இருக்கலாம். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றிதழில், தயாரித்த மாதம் இருக்கும், எம்பரிவாகன் ஆப்பில் எந்த பிஎஸ் என்றும் தெரியும். இதைவிட முக்கியமாக மொத்த எடையைப் பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தை உயர்த்தியபோது பத்து சக்கர வண்டியின் அனுமதி 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. ஆர்சியில் 25 என்று இருக்கிற வண்டியும் 28.5 என்று இருக்கிற வண்டியும் ஒரே விலை பெறாது, ஒவ்வொரு நடைக்கும் 3.5 டன் வாடகை அதில் இருக்கிறது.

சரி, டெல்லி. வெளிமாநிலப் பதிவு உள்ள பிஎஸ்3 மற்றும் அதற்குக் கீழ் உள்ள சரக்கு வண்டிகள் 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு. பிஎஸ்4க்கு 2026 அக்டோபர் 31 வரைதான் அவகாசம். உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காவது டெல்லி லோடு என்றால் 2019 வண்டியை மறந்துவிடுங்கள், கஷ்டப்பட்டாவது பிஎஸ்6 எடுங்கள். எப்போதாவது ஒரு நடை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அந்த லோடை விட்டுவிட்டு 2019 வண்டியை எடுப்பதுதான் என் ஆலோசனை. பத்து சக்கர வண்டி மாதிரியான பல அச்சு வண்டிக்கு நேஷனல் பர்மிட் 15 வருடம் வரை கிடைக்கும், ஆக 2034 வரை ஓட்டலாம். 2027க்குப் பிறகு வருடாவருடம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டவேண்டும், அந்தச் செலவையும் நின்றுபோகும் நாட்களையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

கழற்றிவிடலாம் என்று சொன்ன பட்டறைக்காரரிடம் மறுபடி போகாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி குற்றம். ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், வரிசையில் நிற்கும் லாரிகளுக்கு நடுவே கேபினில் படுத்துத் தூங்குவது நீங்களும் உங்கள் கிளீனரும்தான், அந்தப் புகை முதலில் உங்கள் நுரையீரலுக்குள்தான் போகும்.

ஒருவேளை பிஎஸ்6தான் எடுக்கிறீர்கள் என்றால், சைலன்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நல்லபடியாக இருந்தால் துணியில் கரி ஒட்டாது, கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தால் வடிகட்டி உடைந்திருக்கும் அல்லது உள்ளே இருப்பதையே எடுத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு எரிந்து பிறகு அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள். உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிய வண்டியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட் கெட்டுப்போயிருக்கும், மாற்றினால் லட்சக்கணக்கில் செலவு. வண்டி முன்பு எங்கே ஓடியது என்றும் விசாரியுங்கள். நீண்ட தூரம் ஓடியதில் வடிகட்டி தானே சூடேறி கரியை எரித்துக்கொள்ளும், கிரஷரிலிருந்து ஊருக்குள் ஜல்லி அடித்த வண்டியில் அடைத்துக்கொண்டே இருக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்ட அறிக்கை கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் கேட்ட விலைக்குத் தலையாட்ட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் புது சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, புது வண்டியே மலிவானபோது பழைய வண்டிக்குப் பழைய விலை கேட்பது நியாயம் இல்லை. 17 லட்சத்தில் ஒரு லட்சம் குறைந்தால் அதை முன்பணத்தில் கழிக்காதீர்கள், கடனில் கழியுங்கள். தவணை 34,000 சுமாருக்கு வந்துவிடும்.