வாடைக்காத்து எறங்கிருச்சா?

போன மாசம் எங்க வேதாரண்யத்த பத்தி போற போக்குல நாலு வரி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடிதம் ஒரு கட்டு. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சுக்கலாம், கோச்சுக்காதீங்க. இந்த தடவ முழுக்க எங்க ஊருதான்.

கோடியக்கரைக்கு புள்ளைங்கள கூட்டிட்டு வரணும். அரையாண்டு லீவுல வரலாமா, மே மாசம் வரலாமா? எது நல்ல சீசன்? – வாசகி, கோயம்புத்தூர்

என்ன பாக்கணும்னு நெனச்சு வர்றீங்க, அத சொல்லலயேம்மா. டிசம்பர்ல இருக்குற கோடியக்கரை வேற, மே மாசத்து கோடியக்கரை வேற.

பறவைன்னா அரையாண்டு லீவுதான், யோசிக்கவே வேணாம். அக்டோபர்ல மழை புடிச்சு சதுப்புல தண்ணி நின்னதும் பறவைங்க எறங்க ஆரம்பிக்கும், டிசம்பர் ஜனவரில நல்லா சேர்ந்திருக்கும், பூநாரை, கூழைக்கடா, ஆலா, அப்புறம் உள்ளான்ல எத்தனையோ வகை. எல்லாரும் பூநாரையத்தான் தேடுவாங்க, அழகுதான், ஆனா நான் சொல்றது புள்ளைங்களுக்கு கொசு உள்ளான காட்டுங்க. சேத்துல குடுகுடுன்னு ஓடிக்கிட்டே கொத்தும், இருபத்தஞ்சு முப்பது கிராம் இருக்கும் அவ்ளோதான், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. அது வடக்க ஆர்க்டிக் பக்கத்துல முட்ட வச்சு குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு பயந்து இவ்ளோ தூரம் பறந்து எங்க ஊரு சேத்துக்கு வருது பாருங்க, எனக்கு இத்தன வயசுக்கப்புறமும் அத பாத்தா ஒரு மாதிரி ஆயிரும். காட்டுல வெளிமானும் இருக்கு, 1967ல இத சரணாலயமா அறிவிச்சதே அதுக்காகத்தான்.

மே மாசம் வந்தா பறவை பெருசா இருக்காது, ஆனா உப்பு இருக்கும். அகஸ்தியம்பள்ளி ரோட்டுல நின்னு பாத்தா கண்ணு கூசும், பாத்தி பாத்தியா வெள்ள வெளேர்னு. எங்கம்மா உப்பளத்து வேலைக்கு போனவங்க, விடிய நாலு மணிக்கெல்லாம் கெளம்பிருவாங்க, வெயில் ஏறிட்டா அங்க நிக்கவே முடியாது, சூடு மேல இருந்தும் வரும் பாத்தில இருந்தும் வரும். உப்பு வெளையறத கிட்ட போயி பாருங்க. தண்ணி நல்லா முத்துனதும் மேல பால் ஆடை மாதிரி ஒரு ஏடு கட்டும், லேசா காத்து தட்டுனா அது ஒடஞ்சு பொலபொலன்னு கீழ எறங்கும், அதுதான் அடில சேர்ந்து பருக்கும். அப்புறம் நீளக் கழி மாட்டுன பலகையால வாரி வரப்புல ஒதுக்குவாங்க. மே ஜூன்ல காட்டுப்பக்கம் பாலைப்பழம் விப்பாங்க, மஞ்சளா சின்னதா இருக்கும், அம்புட்டு இனிப்பு, பால் பசை உதட்டுல ஒட்டிக்கும், நாலு பழத்துக்கு மேல தின்னா வாயத் தொறக்க முடியாது, புள்ளைங்களுக்கு அதுவே ஒரு வெளையாட்டு.

ஒண்ணுதான் முடியாது, ரெண்டையும் ஒரே டிரிப்ல பாக்குறது. சதுப்பு நெறைய மழை வேணும், உப்பு வெளைய மழையே கூடாது. எங்க வீட்டுல அம்மா மேகத்த பாத்தா திட்டுவாங்க, அடுத்த தெருல பெரியப்பா மாந்தோப்பு வச்சிருந்தாரு, அவரு அதே மேகத்துக்கு கற்பூரம் ஏத்துவாரு.

உப்பளத்துல சில பாத்தில தண்ணி ரோஸ் கலர்ல இருந்துச்சு. ஏதாவது கெமிக்கல் கழிவா? போட்டோ எடுத்து வச்சிருக்கேன். – கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

கழிவு இல்ல தம்பி, அது உயிர். தண்ணி வத்த வத்த உப்பு ஏறும்ல, கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு இருக்கும், பாத்தில அது ஏழு எட்டு மடங்கு ஏறும்போது மீனு, சாதாரண பாசி எதுவும் அதுல பொழைக்காது. ஆனா துனாலியெல்லான்னு ஒரு பாசி, அப்புறம் உப்பிலேயே வாழற நுண்ணுயிர் சிலது இருக்கு, அதுங்களுக்கு அந்த கொடுமையான தண்ணிதான் புடிக்கும், வெயில்ல இருந்து தப்பிக்க ஒடம்புல செவப்பு நெறமிய சேத்து வச்சுக்கும். கேரட்ல இருக்கு பாருங்க, அந்த குடும்பத்து நெறமி. தண்ணி செவந்தா வெயில நல்லா இழுக்கும், சீக்கிரம் வத்தும், அதனால உப்புக்காரங்களுக்கு அது சந்தோஷம்தான்.

இன்னொன்னு சொல்றேன், பூநாரை ரோஸா இருக்கறதுக்கும் இதே குடும்பத்து நெறமிதான் காரணம். குஞ்சு பொறக்கும்போது சாம்பல் கலர்தான், இந்த மாதிரி பாசி, உப்புத்தண்ணில வாழற குட்டி குட்டி இறால் எல்லாம் தின்னு தின்னு வருஷக் கணக்குல ரோஸ் ஆகுது. உங்க போட்டோவுல பாத்தியும் பூநாரையும் ஒண்ணா விழுந்திருந்தா எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க.

ராஜாஜி உப்பு எடுக்க வேதாரண்யம் வந்தது சித்திரை வெயில்லயாமே, அத்தன வயசானவரு ஏன் அந்த மாசத்துல நடந்தாரு? – வாசகர், திருச்சி

உங்க ஊர்ல இருந்துதான் கெளம்புனாங்க, 1930 ஏப்ரல் 13, நூறு பேரு கிட்ட. 28ந்தேதி வேதாரண்யம் வந்தாங்க, 30ந்தேதி அகஸ்தியம்பள்ளில உப்ப அள்ளுனாங்க, கைது. நாடு முழுக்க உப்பு சத்தியாகிரகம் நடந்த நேரம் அது, காந்தி தண்டில அள்ளுனதும் அதே ஏப்ரல் 6. ஆனா எங்க ஊரு ஆளா நான் ஒண்ணு சேத்துக்குறேன், ஐப்பசி கார்த்திகைல நடந்து வந்திருந்தா இங்க அள்ள உப்பே இருந்திருக்காது. வெயில் உச்சத்துல இருக்கும்போதுதான் உப்பு தானா தரைல பூக்கும், குனிஞ்சு கையால அள்ளலாம். வந்தவங்கள தாங்குனது சர்தார் வேதரத்தினம் பிள்ளை, அவர மறந்துராதீங்க. நினைவுத்தூண் அகஸ்தியம்பள்ளில இருக்கு, திருச்சில இருந்து ஒரு நாள்ல போயிட்டு வந்துரலாம்.

சித்திரை மாசம் மீன்காரம்மா "இன்னிக்கு புடிச்ச வஞ்சிரம்"னு சொல்லி விக்கிறாங்க. தடைக்காலம்னா எப்படி மீன் வருது? ஏமாத்துறாங்களா? – வாசகி, கும்பகோணம்

ஏமாத்துறாங்கன்னு சட்டுனு முடிவு கட்டாதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கெழக்கு கடல்ல விசைப்படகு போகக்கூடாது, மீனு முட்ட வைக்கிற நேரம். ஆனா நாட்டுப்படகு, ஃபைபர் போட்டு கரையோரமா போகலாம், அதுல மத்தி, நண்டு, கெழங்கான் எல்லாம் புதுசா வரும். மேக்கு கடல்ல தடை ஜூன் ஜூலைலதான், அதனால சித்திரைல கேரளா பக்கத்து மீனு ஐஸ்ல ஏறி உங்க ஊரு வரைக்கும் வரும், பெரிய வஞ்சிரம் அப்படி வந்ததா இருக்கலாம். செவுள தூக்கி பாருங்க, ரத்தச் செவப்பா இருக்கணும், கண்ணு குழி விழுந்திருக்கக் கூடாது, வயித்த அமுக்குனா பள்ளம் நிக்காம எழும்பணும். அந்த ரெண்டு மாசம் சின்ன மீனு வாங்கி பழகுங்க. மத்திய மாங்கா போட்டு வச்சுப் பாருங்க, மாங்காயும் அப்பத்தான் காய்க்குது.

கஜா புயல்ல எங்க தோப்பு போச்சு. இப்பவும் ஐப்பசி பொறந்தா ராத்திரி காத்து சத்தத்துக்கு மாமியார் எந்திரிச்சு ஒக்காந்துர்றாங்க, தூங்கறதே இல்ல. கடல்கரைல இருக்குற நீங்கல்லாம் எப்படி இருக்கீங்க? – வாசகி, பட்டுக்கோட்டை

கண்ணு, நாங்களும் அப்படித்தான் இருக்கோம். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி. எங்க வீடு ஓட்டு வீடு, மொத ஓடு பறந்த சத்தம் கேட்டப்ப யாரோ மேல நடக்குறாங்கன்னுதான் நெனச்சேன், அடுத்தது வரிசையா போச்சு, நாங்க ஏழு பேரு நெல்லு வைக்கிற உள் ரூம்புல கட்டிலுக்கு அடில ஒக்காந்திருந்தோம். அப்புறம் திடீர்னு நின்னு போச்சு. அத்தன சத்தமும் அடங்கி வானத்துல நட்சத்திரம் கூட தெரிஞ்சுது, எங்க கொழுந்தனாரு மாட்ட பாத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சாரு, மாமனார் கைய புடிச்சு ஒக்கார வச்சாரு, "இது புயலோட கண்ணுடா, இன்னும் பாதி இருக்கு"ன்னு. கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கம் இருந்து அடிச்சுது பாரு, மொத காத்துக்கு சாஞ்சு நின்ன மரத்தையெல்லாம் இந்த காத்து முறிச்சு போட்டுச்சு. இத எல்லாருக்கும் சொல்லி வையுங்க, நடுவுல காத்து நின்னா வெளிய போகாதீங்க.

விடிஞ்சு பாத்தா தெருவே அடையாளம் தெரியல. கரையோரத்து ஊருங்கள்ல கடல் சேத்த அள்ளிட்டு வந்து வீட்டுக்குள்ள போட்டிருந்துச்சு, கருப்பா, முழங்கால் முங்க. உப்பளத்துல அம்பாரம் போட்டு வச்சிருந்த உப்பெல்லாம் கரஞ்சு போச்சு. கரண்ட் வர வாரக்கணக்கா ஆச்சு. மாமனார் வச்ச தென்னை அத்தனையும் படுத்துருச்சு, அவரு அழல, ஒவ்வொரு மரமா போயி தொட்டு பாத்துட்டு வந்தாரு.

உங்க மாமியாருக்கு தைரியம் சொல்லாதீங்க, கூட ஒக்காருங்க. ராத்திரி ஒரு டீ போட்டு குடுத்து அந்த தோப்ப பத்தி கேளுங்க, எந்த மரம் எப்ப வச்சதுன்னு. நாங்க இங்க அப்படித்தான் பண்றோம், காத்து கெளம்புனா பக்கத்து வீட்டு அக்கா எங்க வீட்டுக்கு வந்துரும், ரேடியோ வச்சுக்குவோம், நாகப்பட்டினம் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காங்கன்னு கேட்டுக்குவோம். மாசக்கணக்கா தூக்கமே வரலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. புயலுக்கப்புறம் நாங்க வச்ச கன்னு காய்ச்சிருச்சு. மொதக் கொலைய மாமனார் படத்துக்கு முன்னாடி வச்சோம்.

வேதாரண்யம் முல்லைப்பூ தை மாசம் தொட முடியாத வெல, சித்திரைல கூவிக் கூவி விக்கிறாங்க. ஏன்? – வாசகி, மன்னார்குடி

பனி. மார்கழி தைல பனிக்கு மொட்டு கட்டாது, அப்பத்தான் பொங்கலும் தை முகூர்த்தமும் வருது. வெயில் ஏறுனா கருப்பம்புலம், ஆதனூர் பக்கமெல்லாம் பூத்து கொட்டும், பறிக்கிற கூலிக்கே கட்டாம போற நாளும் உண்டு. சித்திரைல ஒரு முழம் சேத்தே வாங்குங்க.

பிப்ரவரி மாசம் கடற்கரைல ரெண்டு பெரிய ஆமை செத்து கெடந்துச்சு, என் பொண்ணு ரொம்ப அழுதா. நாம என்ன செய்யணும்? – வாசகர், தஞ்சாவூர்

அது பங்குனி ஆமை. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் முட்ட வைக்க கரைக்கு வரும். ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு விட மேல வந்தாகணும், இழுவலைல மாட்டி மேல வர முடியாம மூச்சு முட்டி செத்துரும். ஆமை வெளிய போறதுக்கு வலையில வழி வைக்கிற கருவி இருக்கு, எல்லா படகுலயும் அத மாட்டணும்னுதான் என் ஆச. எங்க மீனவங்க பல பேரு வலைல வந்த ஆமைய கும்புட்டு கடல்ல விடுறவங்கதான்.

செத்தத பாத்தா தொடாதீங்க, வனத்துறைக்கு சொல்லுங்க. உசுரோட ராத்திரி கரையேறுற ஆமைய பாத்தா டார்ச் அடிக்காதீங்க, செல்போன் ஃபிளாஷ் போடாதீங்க, பயந்து முட்ட வைக்காமலே திரும்பிரும். உங்க பொண்ண அடுத்த மாசி பங்குனில கூட்டிட்டு வாங்க. ஒரு குழில நூறு முட்டைக்கு மேல இருக்கும், நாய் நரி தோண்டாம வனத்துறை எடுத்து வேலி போட்ட எடத்துல பொதைச்சு வைப்பாங்க, 45 நாள் 50 நாள்ல பொரியும். குஞ்ச கடல்ல விடும்போது முன்கூட்டியே கேட்டுக்கிட்டா பாக்க விடுவாங்க. உள்ளங்கைல பாதிதான் இருக்கும், மணல்ல அது போற தடம் பொடிக்கோலம் மாதிரி இருக்கும். அழுத புள்ள அத பாக்கணும்.

ஊர விட்டு வந்து எட்டு வருஷம் ஆச்சு அக்கா. வாடைக்காத்து எறங்கிருச்சா? – நம்ம ஊர் தம்பி, துபாய்

இன்னும் முழுசா எறங்கல தம்பி. பகல்ல தென்காத்துதான், ஆனா முந்தாநேத்து விடியக்காலைல கோலம் போட வெளிய வந்தேன், வடக்கு பக்கத்து கன்னத்துல மட்டும் சில்லுன்னு பட்டுச்சு. அகஸ்தியம்பள்ளில அம்பாரத்துக்கெல்லாம் பனவோல மூட ஆரம்பிச்சுட்டாங்க, பாத்திக்கு தண்ணி எறைக்கிற மோட்டார கழட்டி மேட்டுக்கு ஏத்துறாங்க. உப்பு வேலைக்கு போறவங்க இனிமே தை வரைக்கும் வேற வேல தேடணும், அரசாங்கம் குடுக்குற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபா மூணு மாசத்துக்கு எப்படி பத்தும், அது கூட்டணும். கோடியக்கரைல வெளியூரு மீனவங்க வந்து கொட்டாய் போடுறாங்க, பங்குனி வரைக்கும் தங்குவாங்க, காலா மீனு சீசன் வந்துரும்.

நேத்து சாயங்காலம் கோயிலுக்கு போனேன். வேதாரண்யம் விளக்கழகுன்னு சொல்லுவாங்கல்ல, உங்கம்மா வாசப்படிகிட்ட ஒக்காந்து விளக்குக்கு திரி திரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எட்டு வருஷம்னு நீ எழுதிருக்க, அவங்க மாசத்தையும் சேத்து சொன்னாங்க. தை அமாவாசைக்கு கடல்ல முங்க நீ வருவேன்னு சொன்னதா சொன்னாங்க, டிக்கெட் போட்டுட்டியா?