ஒஸ்லோவில் துப்புரவு வேலை செய்துகொண்டே ஃபாக்பிரேவ் எடுக்கலாமா?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். உங்களுக்கு வயது 34. நோர்வேக் குடியுரிமை உள்ள கணவரிடம் குடும்ப இணைவில் வந்து இரண்டு வருடமாகப் போகிறது. ஊரில், இலங்கையில், ஓ.எல். (சாதாரண தரம்) வரை படித்திருக்கிறீர்கள். இப்போது ஒஸ்லோவில் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை. "படிக்க விருப்பம், ஆனால் வேலையை விட ஏலாது. முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலையை விடவேண்டாம். இந்த நாட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழிற்சான்றிதழ், அதாவது ஃபாக்பிரேவ், எடுக்க வழி இருக்கிறது. நானும் பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்துத்தான் தொடங்கினேன். இன்றைக்கு ஒரு சீக்கேயெமில், ஊர்ப் பாஷையில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில், பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் வருவதைப் பார்க்கிறேன். கெட்டித்தனமான சிலர் பாதியில் நின்றுபோவதையும் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஆட்கள் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். வார்தோ, போட்ஸ்ஃபியூர்ட், ஹொனிங்ஸ்வோக் என்று பழைய ஆட்களிடம் கேட்டால் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். அந்தக் குளிரில் மீன் வெட்டித்தான் ஊரில் சகோதரங்களைக் கரைசேர்த்தார்கள். ஆனால் ஒஸ்லோப் பக்கம் வந்து வேறு வேலை தேடியபோது, அத்தனை வருட உழைப்புக்கும் காட்ட ஒரு தாள் இல்லாமல் நின்றவர்கள் பலர். உங்களுடைய இரண்டு வருடமும் இனி வரும் வருடங்களும் அப்படிப் போகக்கூடாது. செய்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் எதற்குக் கணக்கில் சேரும் என்று இன்றிலிருந்தே பாருங்கள்.

முதலில் மொழி. ஃபாக்பிரேவ் எடுக்கத் தடையாக இருப்பது வயதும் அல்ல, ஓ.எல்.லோடு நின்ற படிப்பும் அல்ல. நோர்ஸ்க், அதாவது நோர்வே மொழி, எழுத்துதான். கணவர் நோர்வேக் குடியுரிமைக்காரர் என்றபடியால் கொம்யூனில், அதாவது உள்ளூராட்சியில், மொழிப் படிப்புக்கு உங்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கிறது. அந்த உரிமைக்குக் காலவரை உண்டு. வேலை நேரம் ஒத்துவரவில்லை என்று வகுப்பை விட்டிருந்தால் இந்த வாரமே ரூசன்ஹோஃப் மாதிரியான வளர்ந்தோர் கல்வி நிலையத்தில் போய், இன்னும் எவ்வளவு காலம் மிச்சம், மாலை வகுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். நொஷ்க்பிரேவா என்கிற நோர்வே மொழிப் பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நாலு பகுதி. நாலிலும் பி1, அதாவது நடுத்தர மட்டம், வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைக்கு 2022 அக்டோபரிலிருந்து பேச்சில் பி1 கேட்கிறார்கள் என்பதால் எங்கள் ஆட்கள் பேச்சை மட்டும் எடுத்துவிட்டு நிற்கிறார்கள். பராமரிப்பு வேலைக்கு அது காணாது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் நோயாளியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். "நல்லாச் சாப்பிட்டார்" என்று எழுதினால் போதாது. எவ்வளவு சாப்பிட்டார், எதை விழுங்கக் கஷ்டப்பட்டார், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்து வருகிறவருக்கு விளங்க எழுத வேண்டும்.

துப்புரவு வேலையின் பெரிய குறை என்று நான் சொல்வது சம்பளத்தை அல்ல. விடிய முதல் ஆளில்லாத கட்டடத்தில் தனிய நின்று வேலை செய்தால் வாயில் நோர்ஸ்க் எப்படி வரும்? பகல் நேரத்தில் அலுவலக ஆட்கள் இருக்கும்போதே துப்புரவு செய்யும் இடங்கள் இப்போது நிறைய உண்டு. உங்கள் மேற்பார்வையாளரிடம் பகலுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். டெய்க்மான் நூலகங்களில் இலவசமாக ஸ்ப்ரோக்கஃபே, அதாவது நோர்ஸ்க் பேசிப் பழகும் சந்திப்பு, நடக்கிறது. போய் இருந்து கதைத்தால் காணும், யாரும் பரீட்சை வைக்க மாட்டார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கொம்பெதான்செப்ளுஸ் என்று அரச உதவி ஒன்று இருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு, கணினி, பேச்சு ஆகிய அடிப்படைகளை வேலையோடு சேர்த்துக் கற்பிக்க அரசு காசு கொடுக்கும். விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம், நீங்கள் அல்ல. ஆனால் கேட்கவேண்டியது நீங்கள். உங்களோடு வேலை செய்கிற நாலைந்து பேர் சேர்ந்து தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் சொன்னால் நிறுவனம் காதுகொடுக்கும்.

அடுத்தது, எந்தத் தொழில். துப்புரவுக்கே ஃபாக்பிரேவ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ரென்ஹொல்ட்ஸ்ஒபரத்தூர் என்பது அதன் பெயர். நீங்கள் இதுவரை செய்த வேலை அதற்கு அப்படியே சேரும். அதைக் குறைவாக நினைக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் தொற்றுப் பரவாமல் காப்பது அவர்கள் கைதான், சான்றிதழ் இருந்தால் சம்பளமும் ஏறும். சாமான், இரசாயனம், தரை வகை இவற்றில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால் அதையே எடுங்கள். ஆட்களோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் ஹெல்செஃபாக்ஆர்பைடர், சுகாதாரப் பணியாளர். நாட்டில் முதியவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். நேர்ஸ்மாருக்கும் ஹெல்செஃபாக்ஆர்பைடர்மாருக்கும் தட்டுப்பாடு வரும் என்று புள்ளிவிவரத் திணைக்களமே திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. வேலை கிடைக்குமா என்ற பயம் இந்தத் துறையில் குறைவு.

பிள்ளைகள் இதைப் பள்ளியில் இரண்டு வருடம், வேலைத்தலத்தில் இரண்டு வருடம் என்று படிப்பார்கள். வளர்ந்தவர்களுக்கு வேறு பாதைகள். நான் வந்தது பிரக்சிஸ்கண்டிடாட் வழி. அந்தத் துறையில் முழுநேரக் கணக்கில் ஐந்து வருட வேலை அனுபவம் காட்டி, தியரிப் பரீட்சை எழுதி, பிறகு செய்முறைப் பரீட்சை. ஐந்து வருடம் என்றால் முழுநேர ஐந்து வருடம். ஐம்பது வீத வேலையில் இருந்தால் பத்து வருடம் பிடிக்கும். அந்த வழியில் உங்களுக்குத் துணை யாரும் இல்லை. நீங்களே படித்து நீங்களே பதிய வேண்டும். பதிவு வசந்த காலப் பரீட்சைக்கு பெப்ரவரி 1, இலையுதிர் காலப் பரீட்சைக்கு செப்டெம்பர் 15. அந்தத் திகதி தவறினால் அரை வருடம் போச்சு.

உங்களுக்கு நான் சொல்வது 2018 இல் கொண்டுவந்த ஃபாக்பிரேவ் போ யொப், அதாவது வேலையில் இருந்தபடியே ஃபாக்பிரேவ். அந்தத் துறையில் ஒரு வருட அனுபவம் இருந்தால் போதும். வேலை தருபவரும் நீங்களும் ஃபில்கெயும், அதாவது மாவட்ட நிர்வாகமும், ஒப்பந்தம் எழுதுவீர்கள். ஒஸ்லோவில் கொம்யூனேதான் ஃபில்கெ, அதனால் அதன் கல்விப் பிரிவோடு எழுதுவீர்கள். ஏற்கனவே உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு மதிப்பீடு செய்வார்கள், மிச்சத்தை வேலைத்தலத்திலேயே ஒரு வழிகாட்டி சொல்லித்தருவார். சம்பளம் நிற்காது. நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் சொந்த வருமானத்தையும் பார்ப்பார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. தியரியில் தனிய மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டத்தின்படி வளர்ந்தவர்களுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கற்பிக்கும் வகுப்புகளும் உண்டு. அதுவும் நல்ல வழிதான், ஆனால் வீட்டு வாடகை கட்டவேண்டிய ஆளுக்கு நான் வேலையோடு சேர்ந்ததைத்தான் முதலில் காட்டுவேன்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கையெழுத்துப் போட வேலை தருபவர் சம்மதிக்க வேண்டும். அதனால் சீக்கேயெமில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகும்போதே, "ஒரு வருடத்துக்குப் பிறகு இங்கே ஃபாக்பிரேவ் போ யொப் செய்ய விடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், படிக்க விரும்புகிற ஆளை எந்த நல்ல மேலாளரும் தட்டிக்கழிக்க மாட்டார். நான் முதலில் வேலை செய்த இடத்தில் மேலாளர் "உனக்கு எதற்கு இது, நீ நல்லாத்தான் வேலை செய்கிறாய்" என்று வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டு போனார். இடம் மாறினேன், வழி திறந்தது. போற்றுதலுக்கு மயங்கி நிற்காதீர்கள்.

இன்னொரு பொறி பகுதிநேர வேலை. இந்தத் துறையில் புதிதாக வருகிறவர்களுக்கு இருபது வீதம், அல்லது கூப்பிடும்போது வருகிற வேலை என்றுதான் தருவார்கள். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலை அழைப்புக்குக் காத்திருக்கும் வாழ்க்கை அது. தொடங்க வேறு வழி இல்லை. துப்புரவு வேலையை உடனே விடாமல், வார இறுதியில் இதைப் பிடித்து உள்ளே நுழையுங்கள். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாக 12 மாதம் ஒழுங்காகச் செய்திருந்தால், செய்த அளவுக்கு நிரந்தர வேலை வீதம் கேட்க வேலைச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. தொழிற்சங்கத்தில் சேருங்கள். ஃபாக்ஃபொர்புண்டெட் இந்த விஷயங்களில் பழக்கப்பட்டது. எங்கள் பெண்கள் பலர் சந்தாக் காசைப் பார்த்துச் சேராமல் விடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம்.

வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொண்டு வாருங்கள். குளிப்பாட்ட, மலசலம் துடைக்க, உடுப்பு மாற்ற, சாப்பாடு தீத்த வேண்டும். "மற்றவர்களுடைய அழுக்கைக் கழுவவா நோர்வே வந்தாய்" என்று ஊரிலிருந்தும் இங்கிருந்தும் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். மறதி நோய் வந்த ஒரு வயோதிபர் தான் பிறந்த ஊர்ப் பேச்சில்தான் கதைப்பார். வகுப்பில் படித்த நோர்ஸ்க்கும் அதுவும் வேறு வேறு. முதல் சில மாதம் பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கேளுங்கள். தலையை ஆட்டிவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் ஆபத்து, மருந்து விஷயத்தில் அது உயிரோடு விளையாடுவது. ஊரில் அம்மம்மாவைப் பார்த்த கை உங்களுக்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பொறுமை பெரிய சொத்து. ஆனால் நேர்முகத்தில் அதைப் பொதுவாகச் சொல்லாமல், என்ன செய்தீர்கள், எப்படித் தூக்கி இருத்தினீர்கள் என்று விபரமாகச் சொல்லுங்கள்.

ஓ.எல். சான்றிதழின் ஆங்கிலப் பிரதியை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திடம் எடுத்து வையுங்கள். பத்து வருட அடிப்படைப் பள்ளிக்கு ஈடாகப் படித்திருக்கிறீர்கள் என்று காட்ட அது உதவும், இல்லாவிட்டால் அடிப்படை வகுப்பிலிருந்து ஏறவேண்டி வரலாம். இந்த வேலைக்குப் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். காசு கட்டி "ஃபாக்பிரேவ் எடுத்துத் தருகிறோம்" என்கிற தனியார் வகுப்பில் சேர முதல், ஃபில்கெயின் இலவச வழிகாட்டல் நிலையத்தில் ஒருமுறை இருந்து கதையுங்கள். கொம்யூன் சும்மா தருவதை ஆயிரக்கணக்கில் கட்டி வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் கணவரின் தம்பி வேலையில்லாமல் இருக்கிறார் என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். 25க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு மென் இ ஹெல்செ என்று ஒரு திட்டம் 2010 இல் துரொண்ட்ஹைமில் தொடங்கியது. நாவ் என்கிற அரச வேலைவாய்ப்பு அலுவலகம் ஊடாகத்தான் போகவேண்டும். சில வாரம் சீக்கேயெமில் பயிற்சி பார்த்து, பிடித்திருந்தால் ஹெல்செஃபாக்ஆர்பைடர் ஃபாக்பிரேவ் வரை கொண்டுபோவார்கள். இது பெண்கள் வேலை என்று அவர் சொன்னால், ஆம்பிளைகளைத் தூக்க ஆம்பிளைகள் இல்லாமல் நாங்கள் படுகிற பாட்டைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் சுகாதாரத் திணைக்களத்தில் அங்கீகாரம் எடுக்கவேண்டும், அதன்பிறகுதான் அந்தப் பதவிப் பெயரைப் பாவிக்கலாம். அதற்கு மேலே தொழிற்கல்லூரி, ஃபாக்ஸ்கூலெ, இருக்கிறது. மறதி நோய், மனநலம் போன்றவற்றில் மேலதிகப் படிப்பு வேலையோடு செய்யலாம். நேர்ஸ் ஆகவேண்டும் என்று ஆசை வந்தால் 23/5 விதி இருக்கிறது: வயது 23 தாண்டி, ஐந்து வருட வேலை அல்லது படிப்பு இருந்தால், நோர்ஸ்க், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, சமூகக் கல்வி ஆகிய ஆறு பாடம் சித்தியடைந்து உயர்கல்விக்கு விண்ணப்பிக்கலாம். அதை இப்போதே நினைத்து மலைக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி ஒன்று. படிப்புக்கு வாரத்தில் இரண்டு மாலை உங்களுக்கு என்று ஒதுக்க வேண்டும், அந்த நேரம் சமையலும் பிள்ளையும் கணவர் பொறுப்பு. இதைத் தொடங்க முதலே இருந்து கதையுங்கள். சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாய்மார் வாசலில் நின்று கதைக்கிற அந்த நேரத்திலும் ஒரு மூலையில் இருந்து எழுத்துப் பயிற்சி செய்யலாம். நான் அங்கேதான் படித்தேன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

அடுத்த முறை எழுதும்போது மூன்று விஷயம் எழுதுங்கள்: நொஷ்க்பிரேவாவில் ஒவ்வொரு பகுதியிலும் என்ன வந்தது, இப்போதைய வேலை ஒப்பந்தத்தில் எத்தனை வீதம், மொழிப் படிப்பு உரிமையில் எவ்வளவு காலம் மிச்சம். எங்கள் பக்கம் கோடை விடுமுறைக்கு உதவியாளர்களை எடுப்பதற்குக் குளிர்காலத்திலேயே விளம்பரம் வந்துவிடும். அதற்கு முதல் உங்கள் விண்ணப்பத்தை நான் ஒருமுறை வாசித்துத் திருத்தித் தருகிறேன்.