தீராந்தியிலிருந்து தூள் கொட்டுகிறது, கீசரும் சொட்டுகிறது: வீடு ஆபத்தில் இருக்கிறதா?

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய ஓட்டு வீடு, தீராந்திக்கு (கூரையைத் தாங்கும் மர உத்திரத்துக்கு) கீழே தினமும் தூள், தண்ணீர் சூடாக்கும் கீசரும் சொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மாப்போல வழுவழுப்பாக இருந்து, மரத்தில் ஊசி முனையளவு வட்டத் துளைகளும் தெரிந்தால், அது மரம் துளைக்கும் வண்டு. கசகசாவைப்போல உருண்டு நெருடினால் உலர்மரக் கறையானின் எச்சம். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் நிலக்கறையான். அது ஈரம் தேடி வருவது. மூன்றுக்கும் மருந்து வேறு. தூளைப் பார்க்காமலே மருந்தடிக்க வருபவரை நான் நம்புவதில்லை.

அடுத்து, ஏணி வைத்து ஏறி, தீராந்தி சுவருக்குள் நுழையும் இடத்தைத் திருப்புளியால் குத்துங்கள். பெரும்பாலும் நடுப்பகுதி கருங்கல்லைப்போல உறுதியாக இருக்கும், நுனிதான் உளுத்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் ஓடு ஒன்று விலகினாலே நீர் சுவர் வழியாக இறங்கி அங்கே தங்கிவிடுகிறது. திருப்புளி அரை அங்குலம் சுலபமாக இறங்கினால், முட்டுக் கொடுத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள். ஓட்டைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கீசர் விடயம் சிறியது. 50 லீட்டர் தண்ணீர் 60 பாகைக்குச் சூடானால் அரை லீட்டருக்கு மேல் விரிகிறது. ஆகவே சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வு சொட்டினால் பயமில்லை; அதை அடைத்துவிடாதீர்கள். தாங்கியின் அடியிலிருந்து துருநிறத்தில் கசிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் புதியது வாங்குங்கள்.