லோட் ஷெடிங் முடிந்ததும் மோடம் அழைப்பை எடுக்க மறுப்பது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கிளைக் கடையில் ஒரு பழைய வெளி மோடம், அதாவது கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் பெட்டி. தலைமைக் கடை கூப்பிட்டால் அது தானே எடுக்க வேண்டும், இரவில் தானே டயல் செய்து கணக்கை அனுப்ப வேண்டும். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்தபின் எடுப்பதே இல்லை. இதுதானே உங்கள் கேள்வி? மோடத்தைத் தூக்கி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

கணினியிலிருந்து மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் தட்டுங்கள்.

எத்தனை முறை மணியடித்த பிறகு எடுக்க வேண்டும் என்பதை மோடத்துக்குள் இருக்கும் எஸ்0 பதிவேடு சொல்கிறது. 0 என்றால் எடுக்காது. "ஏடி எஸ்0=2" என்று மட்டும் கொடுத்தால் கரண்ட் போனதும் அழிந்துவிடும்; "ஏடி எஸ்0=2&டபிள்யூ" என்று கொடுத்தால்தான் உள்ளே பதியும். பிளக்கைப் பிடுங்கி, 10 விநாடி கழித்து மாட்டி, "ஏடி எஸ்0?" கேளுங்கள். 002 என்று வர வேண்டும்.

அது சரியாக இருந்தும் எடுக்கவில்லையென்றால் டிடிஆரைப் பாருங்கள்; கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் கம்பி அது. பெரும்பாலும் கோளாறு இங்கேதான். "&டி2" அமைப்பில், கணினி சீரியல் போர்ட்டை (மோடம் கேபிள் மாட்டும் இடத்தை) திறந்து டிடிஆர் கம்பியை உயர்த்தினால்தான் மோடம் எடுக்கும். 9 முள் இணைப்பியில் அது 4ஆம் முள், 25 முள்ளில் 20ஆம் முள். கரண்ட் வந்ததும் மோடம் உடனே விழித்துக்கொள்ளும். கணினியோ அணைந்தே கிடக்கும், அல்லது ஓடினாலும் உங்கள் மென்பொருள் திறந்திருக்காது. தானே எடுப்பதைக் காட்டும் ஏஏ விளக்கு எரிந்து, டிடிஆரைக் காட்டும் டிஆர் விளக்கு எரியாவிட்டால் சந்தேகமே வேண்டாம். கரண்ட் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) வையுங்கள், மென்பொருளைத் தொடக்கப் பட்டியலில் சேருங்கள். மூன்றே கம்பியுள்ள கேபிளில் டிடிஆர் போகவே போகாது.

"&டி0 போட்டால் போதுமே" என்று யாராவது எழுதுவார்கள். எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாதியில் மென்பொருள் நின்றுபோனால் லைனை வைக்கச் சொல்ல ஆளிருக்காது. கூப்பிடுகிறவருக்கு பிஸி டோன்தான் கேட்கும்.

எடுப்பதற்கு மட்டுமே உள்ள மோடத்தில் "இ0 க்யூ1" கொடுத்து எதிரொலியையும் பதில் சொற்களையும் நிறுத்துவது வழக்கம். உங்களுக்கு அது ஆகாது. டயல் செய்யும் மென்பொருள் "கனெக்ட்" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும். க்யூ1 அதை விழுங்கிவிடும். இ0 மட்டும் போதும்.

டயல் செய்ய "ஏடிடிடி" போட்டு எண். 2007 முதல் டர்பனுக்குள்ளேயே கூப்பிட்டாலும் ஊர்க் குறியீடு 031 சேர்த்துப் பத்து இலக்கமும் வேண்டும். பழைய மென்பொருளில் ஏழு இலக்கம் கிடக்கிறதா பாருங்கள். கடை எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போனால் வெளி லைன் எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி, 2 விநாடி நிற்கும். "நோ டயல்டோன்" வந்தால் எக்ஸ்3 சேருங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், பிஸியையும் கண்டுகொள்ளும். இணைப்புக்கு எத்தனை விநாடி காத்திருப்பது என்று சொல்லும் எஸ்7 பதிவேட்டை 90 ஆக்குங்கள். மறுமுனை இரண்டு முறை மணியடித்து எடுத்து, இரண்டு மோடமும் பேசி முடிப்பதற்குள் வழக்கமான 50 விநாடி தீர்ந்துபோவதுண்டு. வேகம் விநாடிக்கு 33,600 பிட்டுக்கு மேல் வராது. 56 கே (56,000 பிட்) கிடைக்க ஒரு முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. தொலைபேசி நிறுவனத்தார் செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் பெட்டியை வைத்து, "நம்பர் அதேதானே" என்று போய்விடுகிறார்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் அந்த வழியில் மோடத்தின் ஒலி சிதைந்துவிடும். எந்தக் கட்டளையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மாற்றுவதற்குத் தாள் நீட்டினால், இந்த லைனில் மோடம் ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.