கேளுங்கள், சொல்கிறோம்: ஆடுகிற மரத்தில் பேரனை ஏற்றலாமா?

கேள்வி: மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தேன். கோனி ஐலண்டில் 'சைக்ளோன்' என்ற மர ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவேன் என்று பேரன் அடம்பிடித்தான். ரயில் வரும்போது மொத்தமும் கிடுகிடுவென ஆடுவதைப் பார்த்துப் பயந்து, வரிசையிலிருந்து அவனை இழுத்து வந்துவிட்டேன். இன்னும் முறைக்கிறான். நான் செய்தது சரியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பயந்தது தப்பில்லை அம்மா, ஆனால் அவனை ஏற விட்டிருக்கலாம். நீங்கள் பார்த்த அந்த ஆட்டம் பழுது இல்லை, அப்படி ஆடும்படிதான் கட்டியிருக்கிறார்கள். பல டன் எடையோடு ரயில் வளைவில் திரும்பும்போது சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் அந்த வேகம் நூறு இடங்களுக்குப் பிரிந்து போகும். விறைத்து நின்றால் எல்லாம் ஒரே மூட்டில் போய் விழும். காற்றில் தென்னை ஆடுவதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே.

இன்னொன்று, சைக்ளோனைத் தாங்கி நிற்கும் கால்கள் மரமே இல்லை, எஃகு. தண்டவாளம்தான் மரம்: பலகை மேல் பலகையாக அடுக்கி, மேலே பட்டையான இரும்புத் தகடு பதித்திருப்பார்கள், சக்கரம் அதன் மேல் ஓடும். சக்கரம் மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் உண்டு, தண்டவாளத்துக்கு அடியிலும் உண்டு. அடியில் பிடிக்கும் அந்தச் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919-இல் காப்புரிமை வாங்கினார், அதற்கப்புறம்தான் செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது. 1927-இல் திறந்த சைக்ளோன் 85 அடி உயரத்திலிருந்து கிட்டத்தட்ட 60 டிகிரி சரிவில் பாய்கிறது என்றால் அந்தச் சக்கரம் இருக்கும் தைரியம்தான்.

நான் உண்மையில் கும்பிடுவது அங்கே வேலை செய்கிறவர்களை. மரம் மழையில் ஊறும், வெயிலில் சுருங்கும், ஆணியும் போல்ட்டும் தளரும். அதனால் இந்த மாதிரி மரக் கோஸ்டர்களில் பூங்கா திறக்கும் முன்பே ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்து பார்ப்பார்கள். தளர்ந்ததை முடுக்கி, உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுசு போடுவார்கள். சைக்ளோனை 1970-களில் இடித்துவிட்டு அந்த இடத்தில் மீன் காட்சியகத்தை விரிவாக்கப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை, 1975-இல் மறுபடி ஓடியது. 1988-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவித்துவிட்டார்கள். அடுத்த முறை போகும்போது அவனுக்கு 54 அங்குல உயரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது அங்கே கட்டாயம்.

கேள்வி: மேலே ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறதே, எதற்கு?
- வாசகர், ஈரோடு

பதில்: ரயிலை மேலே இழுப்பது சங்கிலி. அது அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாதபடி அடியில் ஒரு கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டே வரும், அந்தச் சத்தம்தான். உச்சிக்குப் போனபின் எஞ்சின் எதுவும் கிடையாது, மிச்சமெல்லாம் புவியீர்ப்புதான்.

கேள்வி: ரயிலுக்குள்ளேயே பிரேக் பிடிக்க ஆள் நிற்பார் என்கிறார்களே, நிஜமா?
- வாசகர், நெல்லை

பதில்: நிஜம்தான். மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-இல் தொடங்கிய 'சீனிக் ரயில்வே' என்ற மர ரோலர் கோஸ்டரில் இன்றும் பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் நின்றுகொண்டே வருவார். கோபன்ஹேகனில் டிவோலி என்ற கேளிக்கைப் பூங்காவில் 1914-இல் கட்டியதிலும் பிரேக் பிடிக்க ஆள் உண்டு. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாதிரி, எந்த வளைவுக்கு எவ்வளவு என்பது அவர் கைக்குத்தான் தெரியும். நீங்கள் போனால் அவருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வாருங்கள்.