தரவைப் புல்லும் மணற்காட்டுப் புல்லும்

கேள்வி: யாழ்ப்பாணத்து மணற்காட்டுக் கடற்கரையிலிருந்து நீரேரிப் பக்கமாக ஒரு காலைப் பொழுதில் நடந்துவிடலாம். அந்தச் சிறு தூரத்துக்குள் மணற்கும்பி, பனங்கூடல், தரவை (மழைக்கு நீர் நிற்கும் உவர்ப் புல்வெளி) என நிலம் மாறும்போதெல்லாம் புல்லும் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மழை, ஒரே வெயில் அல்லவா?
— வாசகர், குடத்தனை

பதில்: மழையும் வெயிலும் ஒன்றுதான், வேர் நிற்கும் இடம் வேறு. மணற்கும்பியிற் பெய்யும் மழை உடனே கீழிறங்கிவிடுகிறது. மேல்மணலோ காற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அங்கே நின்றுபிடிப்பது இராவணன் மீசை என்ற புல். அதன் தண்டை மணல் மூடினால் மூடிய கணுவிலிருந்தே புதுவேர் விடும்; ஆகவே புதையப் புதைய மேலேறி, மணலையும் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. இதில் ஆண் வேறு, பெண் வேறு. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் நாளில் கரையில் உருண்டோடும் முள்ளுப் பந்து பெண்செடியின் கதிர்த்தலை; முட்களே கால்களாக ஓடி, தடைப்பட்ட இடத்தில் விதையைச் சேர்க்கும். பிள்ளைகள் அதைத் துரத்தி விளையாடுவதுண்டு; கையால் அமுக்கிப் பிடிப்பது புத்தியன்று. அருகிலுள்ள சவுக்கந்தோப்புக்குள் சருகு மெத்தையாகக் கிடக்கும் இடங்களில் இதைத் தேட வேண்டாம்.

பனங்கூடலில் ஓலைகளுக்கிடையே வெயில் தாராளமாக விழுவதால் அறுகும் ஒட்டுப்புல்லும் தரையோடு படர்கின்றன. ஆனால் வடலி (இளம்பனை) நெருங்கி நிழல் கட்டிய இடத்தில் அறுகு தேய்ந்துபோகும். நிழல் அதற்கு ஆகாது. ஒட்டுப்புல்லை நீங்கள் தேடிப் போகவேண்டியதில்லை, அது உங்கள் வேட்டிக்கரையிற் தானே ஏறிவரும். ஒரு விதையைப் பிடுங்கி வெளிச்சத்திற் பாருங்கள்: அடிமுனை ஊசிபோலக் கூர்ந்திருக்கும், அதைச் சுற்றியுள்ள மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போக வழியுண்டு, திரும்பி வர வழியில்லை.

தரவையின் கதை இன்னும் கடினமானது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வெள்ளம் நிற்கும். ஆனி, ஆடியில் அதே தரை வெடித்து, வெண்மையாக உப்புப் பூக்கும். மூழ்கியும் காய்ந்தும் பிழைக்கவல்ல குட்டைப் புற்களுக்கே அங்கு இடம். நீரேரி விளிம்பிலுள்ள சில உவர்ப்புற்கள் வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகின்றன. வெயில் ஏறிய பின் அந்த இலையை விரலால் நீவி, விரலை நாவில் வைத்தால் கரிக்கும்.

கேள்வி: மாணவர்கள் தரவையிற் சேகரித்த புற்கட்டைப் பார்த்த பெரியவர் ஒருவர், "இதிற் பாதி புல்லே இல்லை, கோரை" என்றார். எப்படிப் பிரித்தறிவது?
— ஆசிரியை, பளை

பதில்: பெரியவர் சொன்னது சரி. தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உருட்டச் சொல்லுங்கள். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமானது; விரலில் விளிம்பு தட்டும், உருளாது. புல்லின் தண்டு உருண்டு, கணுக்கணுவாக இருக்கும். புல்லின் இலைகள் இரு வரிசையிலும் கோரையின் இலைகள் மூன்று வரிசையிலும் எழும். கோரையின் இலையுறை தண்டை மூடிய குழாயாகச் சுற்றியிருக்க, புல்லினது பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும். (நாம் புற்பாய் என்று விரித்துப் படுப்பதிலும் பல கோரையினத்தாற் பின்னியவைதாம், பெயரை நம்பி வகைப்படுத்த முடியாது.)

வயலுக்கும் கூட்டிச் செல்லுங்கள். நெல்லும் கோழிச்சூடன் என்ற வயற்களையும் இளமையில் ஒன்றுபோலத் தோன்றும். இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தை விரித்தால் நெல்லில் மெல்லிய வெள்ளைச் சவ்வு நாக்குப்போல நீண்டிருக்கும். கோழிச்சூடனில் அது இல்லை. களை பிடுங்கிப் பழகிய கைகள் இதைப் பார்க்காமலே அறியும்.

கேள்வி: வெறும் வளவெங்கும் ஆளுயரத்துக்கு நிற்கும் கினிப்புல் நம் நாட்டுப் புல்லா?
— வாசகர், கோப்பாய்

பதில்: இல்லை. ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனமாகக் கொண்டுவரப்பட்டது. பாத்தியை விட்டு வேலி தாண்டி, ஆளில்லா வளவுகளைப் பிடித்துக்கொண்டது. காய்ந்தால் ஒரு தீக்குச்சி போதும். கதிர் தள்ளுமுன் அரிந்து மாட்டுக்குப் போட்டால் விதையும் பரவாது. முற்றிவிட்டால் மாடும் அதை அவ்வளவாக விரும்பாது.